கால் குடைச்சலும் இரவுத் தூக்கமும்

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். இரவில் விளக்கை அணைத்துப் படுத்ததும் முழங்காலுக்குக் கீழே ஏதோ ஊர்வது போலவும் குடைவது போலவும் தோன்றி, எழுந்து நாலடி நடந்தால் அடங்கி, மறுபடி படுத்ததும் தொடங்கிவிடுகிற தொல்லை உங்களில் சிலருக்கு இருக்கும். செவிலியாக இந்நகரில் இரவுப்பணி பார்த்த காலத்தில், டயாலிசிஸ் செய்துகொள்ள வருபவர்கள் கால்களை ஆட்டாமல் ஒரு நாழிகை படுத்திருக்க முடியாமல் தவித்ததைக் கண்டதிலிருந்து எனக்கு இதில் அக்கறை உண்டு.

இது மனப்பிரமை அன்று; ஆங்கிலத்தில் ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்’ எனப்படும் நோய். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-இலேயே இதைப் பற்றி எழுதினார். சுவீடனின் கார்ல் ஆக்செல் எக்போம் 1945-இல் தனி நோயாக விரித்துரைத்தார். கெண்டைச் சதை கல்லாக இறுகிப் பிடித்துக்கொள்வது வேறு. சர்க்கரை நோயில் பாதம் எரிவது வேறு. ஓய்வில் தொடங்குவது, அசைத்தால் குறைவது, மாலைக்குப் பின் மிகுவது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் நான் சொல்லும் குடைச்சல்.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண் ஒருவரைச் சொல்கிறேன். ஒற்றை அறை வீடு. நடக்க வேண்டுமென்றால் தூங்குகிற பிள்ளைகளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். மாமியார் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு கெண்டைக்கால்களிலும் இறுகக் கட்டிவிடுவார். விடிந்து பார்த்தால் துணியின் தடம் சிவப்பாகப் பதிந்திருக்கும். மூன்று மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டிய வீட்டில் அந்தப் பெண் கண்ணயர்வதே இரண்டுக்குத்தான். தூக்க மாத்திரை வாங்கித் தரும்படி என்னிடம் கேட்டார். ரத்தம் சரியாக இருக்கிறது, ஹீமோகுளோபின் 12 என்று சீட்டையும் காட்டினார். ஃபெரிட்டின் பார்த்தீர்களா என்றேன், பார்க்கவில்லை. பார்த்தபோது 11.

இதைத்தான் நான் போகுமிடமெல்லாம் சொல்லி வருகிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன்: ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம்; அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். மூளையில் இரும்பு குறைந்தால், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயல்பாடு தடுமாறுவதே இந்நோய்க்கு முக்கியக் காரணம் எனக் கருதப்படுகிறது. ஆய்வுக்கூடத்தார் ஃபெரிட்டின் 20 என்றாலும் இயல்பு என்று அச்சிட்டுவிடுவார்கள். ஆனால் இக்குடைச்சல் உள்ளவர்களுக்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுத்துப் பார்க்கலாம் என்பது வல்லுநர் பரிந்துரை. சோதிக்காமல் நீங்களாக விழுங்க வேண்டாம்; இரும்பு மிகுந்தாலும் கேடுதான். மருத்துவர் கொடுத்தால் எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள், ஃபில்டர் காபியோடு வேண்டவே வேண்டாம். காபி இரும்பை உடலில் சேரவிடாது. மாலையில் குடித்தால் பலருக்குக் குடைச்சலையும் கூட்டும். (தமிழர் மிகுந்த மாதுங்காவில் இதைச் சொன்னால் என்னை விரோதியாகப் பார்க்கிறார்கள்.) அந்தப் பெண்ணுக்குக் குணம் தெரிய மாதங்கள் ஆயின, ஆனால் தெரிந்தது.

தூக்கம் வரட்டுமென்று சளி மாத்திரை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளோர்ஃபெனிரமின் போன்றவையும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும், மனச்சோர்வு மருந்துகள் சிலவும் குடைச்சலை அதிகப்படுத்தக்கூடியவை. மருத்துவரிடம் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக் காட்டுங்கள். கருவுற்ற பெண்களுக்குக் கடைசி மாதங்களில் வருவது பெரும்பாலும் பேறுக்குப் பின் தானே தணிந்துவிடும்.

வெந்நீர் ஊற்றுவது, கெண்டைக்காலை நீவிவிடுவது, மாலை நடை ஆகியவற்றை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். மருந்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் இரண்டும் முதலில் நல்ல சுகம் தரும். ஆண்டுகள் போகப் போக, இரவில் வந்தது பிற்பகலிலேயே தொடங்கவும் கைகளுக்குப் பரவவும் கூடும். அதனால் இப்போது கபாபென்டின், பிரிகாபலின் வகைகளையே பெரிதும் முதலில் பரிந்துரைக்கிறார்கள். ஏற்கெனவே பிராமிபெக்ஸோலோ ரோபினிரோலோ சாப்பிட்டு வருபவர்கள், குடைச்சல் முன்னைவிடச் சீக்கிரமாக வருகிறதென்று கண்டால், தாமாக அளவைக் கூட்டவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வணக்கம்.