தவளை முட்டை தட்டுக்கு வரும் வழி

நேயர்களுக்கு வணக்கம். ஆய்வகத்துக்குத் தவளை முட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள், நாங்கள் மழைக்காலத்தில் வலையோடு குளக்கரைக்குப் போவதாகவே நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அதுவும் நடந்ததுதான். ஆனால் குளத்துத் தவளை தன் பருவத்தில்தான் முட்டையிடும். ஆய்வுக்கோ ஆண்டு முழுவதும் வேண்டும். அந்தச் சிக்கலைத் தீர்த்தது செனோபஸ் என்ற ஆப்பிரிக்க நகத் தவளை. நாக்கே கிடையாது, வாழ்வதெல்லாம் தண்ணீரில்தான்.

1930களில் இதைக் கர்ப்பப் பரிசோதனைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கர்ப்பிணியின் சிறுநீரைப் பெண் தவளைக்கு ஊசியில் ஏற்றினால், மறுநாளுக்குள் அது முட்டையிட்டுவிடும். காரணம், சிறுநீரில் இருக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். இன்று அதே ஹார்மோனைத் தூய்மையான மருந்தாக வாங்கி, மாலையில் தவளையின் முதுகுத் தோலுக்கு அடியில் செலுத்துகிறோம். இரவு முழுக்கக் குளிர்ந்த இடத்தில், 16 முதல் 18 டிகிரியில் வைத்திருந்தால், காலையில் முட்டை தயார்.

ஈரக் கையுறையோடு தவளையைப் பிடித்து, வயிற்றை மெல்ல வருடிவிட்டால் முட்டைகள் தட்டில் விழும். தட்டில் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது. தண்ணீர் பட்டால் முட்டையைச் சுற்றியுள்ள ஜெல்லி உப்பி, சில நிமிடங்களிலேயே கருவுறும் திறன் போய்விடும். அதனால்தான் உப்புக் கரைசல். நல்ல முட்டைகள் தனித்தனியாக இருக்கும். மேல்பாதி கரும்பழுப்பு, கீழ்பாதி வெளிர் நிறம், நடுவே தெளிவான எல்லை. சரம்போல ஒட்டிக்கொண்டு வருவது, திட்டுத்திட்டாக வெளுத்திருப்பது எல்லாம் கழிவுதான். இந்த இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. அன்றைய ஆய்வின் பாதி முடிவு இந்தத் தட்டிலேயே தெரிந்துவிடும் என்பது என் கணக்கு.

விந்தணுக்களைச் சேர்த்து சுமார் 20 நிமிடத்தில், கருவுற்ற முட்டைகளெல்லாம் கரிய பக்கத்தை மேலே திருப்பிக்கொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. அப்புறம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கரைசலில் சில நிமிடம் வைத்து ஜெல்லியைக் கரைக்கிறோம். அறை வெப்பநிலையில் ஒன்றரை மணி நேரத்தில் முட்டை முதல் தடவை பிளக்கும். அடுத்தடுத்த பிளவுகள் ஏறக்குறைய அரை மணிக்கு ஒன்று.

இந்த முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுப் பெரியது. ஒற்றைச் செல் அவ்வளவு பெரிதாக இருப்பதால் ஊசியால் எதையும் உள்ளே செலுத்தலாம். 1992-இல் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரேயின் குழு, சினைப்பையிலிருந்து எடுத்த முதிராத முட்டைகளில் ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபுச் செய்தியான ஆர்.என்.ஏ.வைச் செலுத்தி, உப்புக் குறைந்த கரைசலில் போட்டது. தண்ணீர் பாய்ந்து முட்டைகள் வெடித்தன. செல்லுக்குள் தண்ணீர் போகும் கால்வாய் அந்தப் புரதம்தான் என்று தெரிந்தது; 2003-இல் ஆக்ரேவுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

முட்டையிட்ட தவளைக்குச் சில மாதம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். அதனால் எந்தத் தவளைக்கு எப்போது ஊசி போட்டோம், முட்டை எப்படி இருந்தது என்று தவளைவாரியாகக் குறித்து வைக்கிறோம். பல தவளைகளின் முட்டை ஒரே சமயத்தில் கெட்டால், மருந்தைக் குறை சொல்வதற்கு முன் தொட்டித் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.