புரொபேஷனும் பாஸ்டன் பூட்ஸ்காரரும்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையைப் பெருமைப்படுத்தியிருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, வழக்கறிஞர் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தை அலுவலர் ஒருவரின் கண்காணிப்பில் வெளியே விட்டுத் திருந்த அவகாசம் கொடுப்பதைத்தான் சட்டத்தில் ‘புரொபேஷன்’ என்கிறோம். அந்தச் சொல்லின் பொருள், அது சட்டத்துக்குள் வந்த கதை, இன்று அதன் நிலை என்று மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்.

இலத்தீனில் ‘புரொபாரே’ என்றால் சோதித்து நல்லதென்று காண்பது. ‘புரூவ்’ என்பதற்கும் அதே வேர்தான். வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தகுதிகாண் பருவம் என்கிறோமே, அதுவும் இந்தச் சொல்தான். வேலைக்கு வந்தவருக்கு அவகாசம் உண்டு, முதல்முறை தடுக்கி விழுந்தவனுக்கு நேரே சிறையா? குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று எந்த மேடையிலும் சொல்வேன், இங்கும் சொல்கிறேன்.

கதைக்கு வருகிறேன். 1841 ஆகஸ்ட், அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் காவல் நீதிமன்றம். பூட்ஸ் தைத்து விற்கும் ஜான் அகஸ்டஸ் அங்கே உட்கார்ந்திருக்கிறார். கந்தலும் நடுக்கமுமாக ஒரு குடிகாரனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சிறைக்குப் போகாமல் காப்பாற்றினால் இனிக் குடியைத் தொடமாட்டேன் என்கிறான். குடிகாரன் பேச்சு! சிரிக்கிறீர்கள். அகஸ்டஸ் சிரிக்கவில்லை, ஜாமீன் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அழைத்து வந்தபோது, அதே ஆள்தானா என்று யாராலும் நம்ப முடியவில்லை. நீதிபதி விதித்த அபராதம் எவ்வளவு? ஒரே ஒரு சென்ட்! செலவுத் தொகையோடு மொத்தம் 3 டாலர் 76 சென்ட். அங்கேயே கட்டிவிட்டார்கள். 1858-க்குள் அகஸ்டஸ் ஜாமீனில் எடுத்தவர்கள் 1,946 பேர். நீதிமன்ற ஊழியர்கள் சிலருக்கு அவர்மேல் கோபம். ஆளைச் சிறைக்குக் கொண்டுபோனால் கிடைக்கும் கட்டணம் போய்விட்டதே! அவர்களிடம் போய் யார் சொல்வது, குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லையென்று?

1878-இல் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது. 1907-இல் இங்கிலாந்துச் சட்டம், நன்னடத்தை அலுவலரின் கடமைகளில் அறிவுரை சொல்வதோடும் உதவுவதோடும் நட்புப் பாராட்டுவதையும் எழுதிவைத்தது. நட்பு, ஐயா! சட்டப் புத்தகத்தில்! ஒரே அலுவலர் தலையில் கோப்புகளைக் குவித்துவிட்டு நட்பாயிரு என்றால் எப்படி இருப்பார்? அதனால்தான் இன்று உங்களிடம் கையெழுத்துக் கேட்கும் எங்கள் மனுவில் இரண்டே கோரிக்கைகள். சிறு குற்றத்தில் முதல்முறை சிக்கியவருக்குச் சிறை விதிக்குமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கட்டாயம் கேட்க வேண்டும். அலுவலர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

தலைவர் மணியடித்துவிட்டார், மூன்றாவது செய்தி நின்றுபோகிறது. மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தைப் போட நீதியரசர் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு வழிவிட்டு, வரிசையாக வாருங்கள்.