சோளம் வரலாம், ஆள் வரக்கூடாது

நண்பர்களே, வணக்கம். உலகமயம் நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டால் பதில் கிடையாது. வேலிக்கு எந்தப் பக்கம் நிற்பவருக்கு என்று கேளுங்கள், ஏதாவது சொல்ல முடியும். இன்று ஒரே ஒரு வேலியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் எல்லை அது.

1994 ஜனவரி 1 அன்று நாஃப்டா, அதாவது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் செய்துகொண்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம், நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் மெக்சிகோவின் தெற்கே சியாபாஸ் மாநிலத்தில் சபாட்டிஸ்டாக்கள் என்ற கிளர்ச்சியாளர்கள் துப்பாக்கியோடு ஊர்களுக்குள் புகுந்தார்கள். பெரும்பாலும் மாயா இனத்து ஏழை விவசாயிகள். வியாபார ஒப்பந்தத்துக்குப் போய்த் துப்பாக்கியா என்று தோன்றும். அவர்கள் கவலை நிலமும் சோளமும்.

மக்காச்சோளம் பிறந்த மண்ணே மெக்சிகோதான். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு காட்டுப்புல்லைப் பழக்கி எடுத்த பயிர் அது. அந்த நாட்டுக்குள், அமெரிக்காவின் அயோவா போன்ற மாநிலங்களில் ராட்சத எந்திரங்கள் அறுவடை செய்த, அரசு மானியம் பெற்ற சோளம் வந்து இறங்கியது. மழையை நம்பிச் சில ஏக்கரில் விதைக்கிறவர் அந்த விலைக்கு எப்படி விற்பார்? இதில் பணக்கார அண்டை நாட்டை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. சோளத்தின் இறக்குமதி வரியை 15 ஆண்டுகளில் படிப்படியாக எடுக்கலாம் என்றுதான் ஒப்பந்தம் சொன்னது. இவ்வளவுதான் வரியில்லாமல் வரலாம் என்ற ஒதுக்கீட்டுக்கு மேல் வந்த சோளத்துக்கும் வரி வாங்காமல் விட்டது மெக்சிகோ அரசேதான். கிராமத்து விவசாயிகளின் கூட்டு நிலங்களை விற்க வழிசெய்து 1992இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியதும் அதே அரசுதான்.

சரி, சோளம் மலிந்ததே, மெக்சிகோக்காரர்கள் தினம் சாப்பிடும் சோள ரொட்டியான டோர்டியாவாவது மலிந்ததா? அதற்கு மெக்சிகோ அரசு தந்த மானியம் எடுக்கப்பட்டு விலை ஏறியது. 2007 ஜனவரியில் மெக்சிகோ நகரத் தெருக்களில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அந்தத் தடவை விலையேற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம், அமெரிக்கா தன் சோளத்தை எத்தனாலாக்கி வண்டிக்கு ஊற்றத் தொடங்கியது. விலை இறங்கினாலும் ஏறினாலும் சாவி அடுத்த வீட்டில்.

நிலத்தை விட்டவர்கள் வடக்கே நடந்தார்கள். சோளத்துக்குக் கதவு திறந்த அதே 1994இல், அக்டோபர் மாதம், சான் டியேகோ எல்லையில் ஆட்களைத் தடுக்க அமெரிக்கா ஒரு பெரிய நடவடிக்கையைத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் ‘கேட்கீப்பர்’, அதாவது வாயிற்காவலன். நடந்தவர்கள் நிற்கவில்லை, பாதையைத்தான் மாற்றினார்கள். அரிசோனா பாலைவனம் வழியாகப் போய், தாகத்தில் செத்தவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் வாழ்ந்த மெக்சிகோவில் பிறந்தோர் 1990இல் சுமார் 43 லட்சம், 2000இல் சுமார் 92 லட்சம்.

வடக்கு மெக்சிகோவுக்கு லாபம் இல்லையா? உண்டு. ஹுவாரெஸ், டிஹுவானா நகரங்களில் மக்கிலா எனப்படும் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகின. பெண்களுக்கு ஏராளமான வேலை, குறைந்த கூலிக்கு. 2001இல் உலக வர்த்தக அமைப்பில் சீனா சேர்ந்ததும் அதில் ஒரு பகுதி அங்கே பறந்தது. ஆலைகள் மெக்சிகோவுக்கு நகர்ந்ததால் அமெரிக்காவின் மிச்சிகன், ஓஹையோ மாநிலங்களில் வேலை போனவர்களைக் கேட்டால், பணக்கார நாடு ஜெயித்தது என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

ஏழை அண்டை நாட்டைச் சேர்த்துக்கொள்ள வேறு வழி இல்லாமலா போயிற்று? 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஐரோப்பிய சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) சேர்ந்தன. சாலை போட, பின்தங்கிய மாவட்டங்களை உயர்த்தப் பணம் வந்தது. சில ஆண்டுகளில் அவர்களுடைய தொழிலாளி எல்லை தாண்டிப் போய்ச் சட்டப்படி வேலை பார்க்கவும் முடிந்தது. நாஃப்டாவில் அந்தப் பணமும் இல்லை, அந்த அனுமதியும் இல்லை.

அப்புறம் 2020 ஜூலையில் நாஃப்டாவுக்குப் பதிலாகப் புது ஒப்பந்தம் வந்தது. வரி இல்லாமல் கார் விற்க வேண்டுமானால், அதன் மதிப்பில் 40 முதல் 45 சதவீதம் மணிக்கு 16 டாலராவது சம்பளம் தரும் ஆலைகளிலிருந்து வர வேண்டும் என்றது அது. மெக்சிகோ ஆலைகளில் அந்தச் சம்பளம் கிடையாது. கூலியை உயர்த்தத்தான் இந்த விதி என்றார்கள். வேலையை வடக்கே திருப்பத்தான் என்பது என் எண்ணம்.