கான் நகரில் தங்கிவிட்டவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கேன்ஸ் என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, பிரான்ஸின் தென்கடற்கரையில் இருக்கும் அந்த ஊரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் அதைக் 'கான்' என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

கான் என்றதும் மே மாதத் திரைப்பட விழா, சிவப்புக் கம்பளம், கடலோரத்துப் பெரிய ஹோட்டல்கள் எல்லாம் நினைவுக்கு வரும். அந்த விழா 1939 செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டியது. போர் மூண்டதால் 1946இல்தான் நடந்தது. விழாவுக்கு வருகிறவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊருக்குப் பேர் அவர்களால் வந்தது, சரி. எனக்குப் பிடித்துப்போனது இங்கே வந்து தங்கிவிட்டவர்களின் கான்.

முதலில் புரூம் பிரபு. பிரிட்டனில் லார்டு சான்சலராக, அதாவது நீதித்துறையின் தலைவராக இருந்தவர், அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர். 1834இல், உடல்நலமில்லாத மகளோடு இத்தாலிக்குக் கிளம்பினார். காலரா பரவிய நேரம். எல்லையில் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கானில் இறங்கினார். அன்று அது மீனவர் கிராமம். ஊர் பிடித்துப்போக, நிலம் வாங்கி வீடு கட்டி, மகள் எலியனோரின் பெயரையே வீட்டுக்கு வைத்தார். அந்தப் பெண் 1839இல் இறந்துவிட்டாள். அப்பா மட்டும் குளிர்காலம்தோறும் வந்துகொண்டே இருந்தார். 1868இல் இங்கேயே இறந்து, இங்கேயே அடக்கமானார். அவரைப் பார்த்துத்தான் மற்ற பணக்கார ஆங்கிலேயர்களும் குளிர்காலத்துக்கு இங்கே வரத் தொடங்கினார்கள்.

அதனால் நானும் பிப்ரவரியில் போனேன். பழைய ஊர் 'லெ சுக்கே' என்ற குன்றின் மேல் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் ஃபோர்வில் சந்தை. காலையில் போக வேண்டும். திங்கட்கிழமை காய்கறி கிடையாது, பழம்பொருள் கடைகள்தான். மிமோசா பூவைக் கொத்துக் கொத்தாக அடுக்கி வைத்திருந்தார்கள். நம் வேலம்பூவின் சாதி, அதே சின்னச் சின்ன மஞ்சள் உருண்டைகள். அப்புறம் 'சொக்கா'. கொண்டைக்கடலை மாவை ஆலிவ் எண்ணெய் விட்டுக் கரைத்து, அகலமான தட்டில் ஊற்றிச் சுட்டு, மிளகுத்தூள் தூவிக் காகிதத்தில் வைத்துத் தருகிறார்கள். ஓரம் கருகி மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று இருந்தது. விரல் சுடச் சுடத் தின்றேன்.

கானுக்கு எதிரே இரண்டு தீவுகள். பழைய துறைமுகத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனிப் படகு. சுமார் கால் மணி நேரம். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள். பெரிய தீவான சாந்த் மார்கரித்தின் கோட்டையில்தான், பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் முகத்தை மறைத்தே வைத்திருந்த முகமூடிக் கைதியை 1687 முதல் 1698 வரை அடைத்து வைத்திருந்தார்கள். அவர் யார் என்பது இன்றும் விவாதம்தான். இரும்பு முகமூடி என்று கதை சொல்வார்கள். பிறகு பாரிஸின் பஸ்தீய் சிறையில் 1703இல் அவர் இறந்தபோது அங்கிருந்த அதிகாரி எழுதி வைத்தது வெல்வெட் துணி முகமூடி என்று. அவர் இருந்த அறையைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். அந்தத் தீவின் மரங்களுக்குள் ஒரு முஸ்லிம் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. 1843இல் அல்ஜீரியாவில், பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட தலைவர் அமீர் அப்துல் காதிரின் முகாம் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. பிடிபட்ட அவருடைய ஆட்களையும் குடும்பங்களையும் கடல் கடத்தி இந்தத் தீவில் வைத்தார்கள். திரும்பாமலே போனவர்கள் இங்கே கிடக்கிறார்கள். மண்ணைச் சுற்றிக் கல் பதித்திருக்கிறது, அவ்வளவுதான். விரும்பித் தங்கிய பிரபுவுக்கு ஊருக்குள் சிலை. விரும்பாமல் தங்கியவர்களுக்கு இந்தக் கற்கள். அங்கே நெடுநேரம் நின்றேன்.

மறுநாள் சின்னத் தீவு, சாந்த் ஒனோரா. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கிறிஸ்தவத் துறவிகளின் இடம். நடுவில் கைவிட்டுப் போயிருந்த மடத்துக்கு 1869இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையினர் குடிவந்தார்கள். சுமார் எட்டு ஹெக்டேரில் திராட்சை பயிரிட்டு, ஒயின் செய்து விற்று வாழ்கிறார்கள். வருகிறவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஹோட்டல்கள் வெள்ளையாகத் தெரிந்தன. கவாத்து வெட்டும் நேரம். ஒரு துறவி கொடிகளுக்கு நடுவே குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். கோயில் மணி அடித்தது. கத்தரியை அங்கேயே தரையில் வைத்துவிட்டு, அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு ஜெபத்துக்கு நடந்தார். நான் கடைசிப் படகுக்குக் கிளம்பினேன்.