தவம் செய்யும் பூனையைப் பார்க்காமல் மாமல்லபுரத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்

வணக்கம் மக்களே! மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு நேர் எதிரே நின்று பேசுகிறேன். பின்னால் டக் டக் என்று கேட்கிறதே, அது பக்கத்துப் பட்டறையில் உளி அடிக்கும் சத்தம். அதை எடிட்டிங்கில் எடுக்கப் போவதில்லை, இந்த ஊருக்கு அந்தச் சத்தம்தான் அழகு.

பல்லவர் வரலாறு முழுக்கச் சொல்லும் வீடியோ ஏற்கெனவே நிறைய இருக்கிறது, அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. இன்றைக்கு நான் காட்டப் போவது மிருகங்களை, அதுவும் பார்த்ததும் சிரிப்பு வருகிற மிருகங்களை. எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். சாமி சிற்பத்தை எல்லோரும் காட்டுவார்கள், வழிகாட்டியும் காட்டுவார், ஆனால் தூணுக்குக் கீழே மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்கிற ஒரு குரங்கை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும், அப்படிக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது வேறு ரகம்.

சரி, முதலில் இந்தப் பாறை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பெரிய பாறைகள், நடுவில் இயற்கையாகவே ஒரு பிளவு. சுமார் 96 அடி நீளம், 43 அடி உயரம். 7ஆம் நூற்றாண்டு, மாமல்லன் என்று பெயர் பெற்ற முதலாம் நரசிம்மவர்மன் காலத்து வேலை என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். தேவர், முனிவர், வேடர், நாகர், மிருகம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். பாறை கிழக்கு பார்த்து இருப்பதால் காலை வெயில் நேராக மேலே விழும், மதியத்துக்கு மேல் வந்தீர்கள் என்றால் எல்லாம் நிழலுக்குள் போய்விடும். அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள்.

இங்கே ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றால் என்ன நடக்கிறது என்று கொஞ்ச நேரம் நின்று கவனித்தேன். இறங்குகிறார்கள், "அதோ சிவன், இதோ அர்ச்சுனன், நடுவில் கங்கை, இந்தப் பக்கம் யானை" என்று வழிகாட்டி சொல்கிறார், யானையோடு ஒரு செல்ஃபி, முடிந்தது, அடுத்து வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் போகலாம் வாங்க. எனக்கு மனசு கேட்கவில்லை. அவர்கள் போட்டோ எடுத்த அந்த யானையின் தந்தத்துக்குக் கீழேதான் இந்தப் பாறையிலேயே பெரிய குறும்பு இருக்கிறது. அதைப் பார்க்காமலேயே போய்விட்டார்கள்!

வாங்க, கேமராவை ஜூம் பண்ணுகிறேன். பிளவுக்கு வலப்பக்கம், முன்னால் வருகிற பெரிய கொம்பன் யானை, அதன் தந்தம், அப்படியே கீழே இறங்குங்கள். தெரிகிறதா? ஒரு பூனை. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறது. தவம் செய்கிறது! அதன் காலடியைச் சுற்றிப் பாருங்கள், எலிகள். நன்றாகக் கொழுத்த எலிகள், பயமே இல்லாமல் பூனைக்குப் பக்கத்தில், கும்பிடுகிற மாதிரி.

இப்போது அப்படியே இடப்பக்கம் மேலே போங்கள். நான்கு கைகளோடு சிவபெருமான் நிற்கிறார், அவருக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் ஒரு தபசி, தாடி, விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம், இரண்டு கையும் தலைக்கு மேலே. திரும்பவும் பூனையைப் பாருங்கள். அதே நிலை. மேலே மனிதன் உயிரைக் கொடுத்துச் செய்கிற தவத்தை, கீழே பூனை அப்படியே நடித்துக் காட்டுகிறது. இது இடம் நிரப்ப எதையோ செதுக்கி வைத்த வேலை இல்லை, யோசித்துச் செய்தது. மேலே இருப்பதைப் பார்த்தவன்தான் கீழே இருப்பதற்குச் சிரிக்க முடியும்.

இந்தப் பூனைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதுவும் மகாபாரதத்திலேயே. உத்தியோக பருவத்தில், போர் தொடங்கப் போகிற நேரம், துரியோதனன் சகுனியின் மகன் உலூகனைத் தூது அனுப்புகிறான். தருமனிடம் போய் இந்தக் கதையைச் சொல் என்கிறான். கங்கைக் கரையில் ஒரு பூனை, கையைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறேன் என்று நின்றது, யாரையும் தொடுவதில்லை. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. எலிகள் கூடிப் பேசின: நமக்கு எதிரிகள் அதிகம், இவர் நமக்குத் தாய்மாமனாக இருந்து குஞ்சு குட்டிகளையும் வயசானவர்களையும் காப்பாற்றட்டும். பூனையும் சரி என்றது, ஆனால் ஒரு நிபந்தனை. தவத்தால் உடம்பு தளர்ந்துவிட்டது, நடக்க முடியவில்லை, தினமும் என்னை ஆற்றங்கரைக்கு நீங்கள்தான் தூக்கிப் போக வேண்டும். எலிகளும் மாமனைத் தூக்கிக்கொண்டு போயின.

அப்புறம் என்ன, மாமன் பெருத்துக்கொண்டே போனார், எலிக் கூட்டம் குறைந்துகொண்டே போனது. கடைசியில் ஒரு வயதான எலிதான் கண்டுபிடித்தது, எப்படித் தெரியுமா? காய் கிழங்கு தின்கிறவர் போட்ட எச்சத்தில் முடி எப்படி வந்தது என்று கேட்டது! அவ்வளவுதான், எலிகள் நாலாபக்கமும் ஓடிவிட்டன. நாம் ஆட்களை ருத்திராட்சப் பூனை என்று திட்டுகிறோமே, அந்த வகையறாவுக்கெல்லாம் மூத்தவர் இந்தக் கங்கைக் கரைப் பூனைதான்.

இந்தச் சிற்பத்துக்கு அர்ச்சுனன் தபசு என்பது ஒரு விளக்கம், பகீரதன் தவம் செய்து கங்கையை இறக்கிய காட்சி என்பது இன்னொரு விளக்கம், அறிஞர்கள் ரொம்ப காலமாக இதில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நடுப்பிளவில் நாகர்கள் மேல்நோக்கி நீந்துகிற மாதிரி இருக்கிறார்கள், பாறை உச்சியில் தண்ணீர் தேக்கிய தொட்டியின் அடையாளமும் இருக்கிறது, ஆக ஒரு காலத்தில் இந்தப் பிளவில் நிஜமாகவே தண்ணீர் விழுந்திருக்கலாம் என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், தண்ணீர் கொட்டுகிறது, இந்தப் பக்கம் யானைகள், ஆற்றங்கரையில் பூனை. கதையில் வருகிற அதே கங்கைக் கரை. எந்த விளக்கத்தை நீங்கள் எடுத்துக்கொண்டாலும் பூனை அதில் கச்சிதமாக உட்காருகிறது. இத்தனை புனிதமான ஒரு காட்சியில், சிவபெருமான் வரம் தருகிற இடத்தில், போலித் தவத்துக்கும் ஒரு இடம் ஒதுக்கினார்களே, அதுவும் நம் கண்ணுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து அதிக உயரமில்லாமல். அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பக்தி இருக்கிற இடத்தில் சிரிப்பு இருந்தால் மரியாதை குறைந்துவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

சரி, யானைப் பக்கமே இருப்போம். பெரிய யானைகளின் காலுக்கு அடியில் குட்டிகள் இருப்பதைப் பாருங்கள். அப்புறம் பிளவுக்கு இந்தப் பக்கம், இடப்பக்கம் கீழே, ஒரு மான் இருக்கிறது. பின்னங்காலைத் தூக்கி, குளம்பால் மூக்கைச் சொறிகிறது. இவ்வளவுதான் அதன் வேலை. மேலே தேவர்கள் பறந்து வருகிறார்கள், முனிவர்கள் கண்ணை மூடியிருக்கிறார்கள், இதற்கு மூக்கு அரிக்கிறது, சொறிகிறது. கருங்கல்லில் இதைச் செய்ய எவ்வளவு பார்த்திருக்க வேண்டும் தெரியுமா? மான் அப்படிச் சொறியும்போது கழுத்து எந்தப் பக்கம் வளையும், தூக்காத மூன்று காலில் எடை எப்படி நிற்கும் என்று காட்டிலோ மேய்ச்சல் நிலத்திலோ உட்கார்ந்து பார்த்தவன்தான் இதைச் செய்திருக்க முடியும்.

இங்கேயே பாறைக்கு அருகில் தனிக்கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். அம்மா குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது, அப்பா குரங்கு பின்னால் உட்கார்ந்து அம்மாவுக்குப் பேன் பார்க்கிறது. நம் வீட்டுத் திண்ணையில் நடக்கிற அதே காரியம். அந்த ஆண் குரங்கின் முகத்தில் இருக்கிற கவனத்தைப் பாருங்கள், உலகத்தில் இதைவிட முக்கியமான வேலை இல்லை என்கிற மாதிரி.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கிப் பிடிக்கிற சிற்பம். முன்னால் இருக்கிற தூண் மண்டபம் பிற்பாடு விஜயநகர காலத்தில் கட்டியது, உள்ளே இருக்கிற சிற்பம் பல்லவர் காலத்தது. இதில் சிரிப்பைவிடப் பாசம்தான் அதிகம்: ஒருவன் பால் கறக்கிறான், பசு அவனைக் கண்டுகொள்ளவே இல்லை, திரும்பிக் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே ஒரு மலை நிற்கிறது என்ற கவலை அந்தப் பசுவுக்குக் கொஞ்சமும் இல்லை.

அடுத்து ஐந்து ரதம். இங்கே ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நகுல சகாதேவ ரதம் என்று சொல்கிறார்களே, பாண்டவர் பெயரெல்லாம் பிற்காலத்தில் வந்தது, அது இருக்கட்டும், அந்தக் கோயிலின் பின்பக்கம் வட்டமாக, யானையின் பின்புறம் மாதிரி இருக்கும். தூங்கானை மாடம் என்கிற அமைப்பு. அதை ஒட்டியே முழு அளவில் ஒரு கல் யானையைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். வடக்குப் பக்கமிருந்து உள்ளே வந்தால் முதலில் தெரிவது அந்த யானையின் பின்புறம்தான். கட்டடத்தின் முதுகையும் யானையின் முதுகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருத்தம் பார்த்துக்கொள் என்று சிற்பி நமக்கே விட்டுவிட்டான். பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதினாலும் இவ்வளவு சுலபமாகப் புரியாது. முன்பக்கம் போய் யானை முகத்தோடு மட்டும் போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், பின்னால் நின்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

மாமல்லபுரத்தோடு நிறுத்தினால் தாராசுரத்துக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். கும்பகோணம் பக்கத்தில், இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். அங்கே ஒரு சின்னச் சிற்பம், காளையும் யானையும் எதிரெதிரே நிற்கும், ஆனால் தலை ஒன்றுதான்! ரிஷப குஞ்சரம் என்பார்கள். ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் யானை, அடுத்த பக்கத்தை மறைத்தால் காளை. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்கள், மாற்றி மாற்றி மறைத்துக்கொண்டே இருப்பார்கள். 800 வருஷத்துக்கு மேல் ஆகியும் வேலை செய்கிற விளையாட்டு அது. இதே உருவத்தைப் பிற்பாடு ஹம்பி வரைக்கும் செதுக்கியிருக்கிறார்கள், அந்த அளவுக்குச் சிற்பிகளுக்கு இது பிடித்துப்போயிருக்கிறது.

உங்கள் ஊர்க் கோயிலில் தேட வேண்டுமானால், மண்டபத் தூண்களில் சதுரமாக இருக்கிற பகுதிகளை நாலு பக்கமும் சுற்றிப் பாருங்கள், இருட்டு மூலையைப் பார்த்த பக்கத்தில்தான் குறும்பு அதிகமாக இருக்கும், என் அனுபவம் அது. கருவறையைச் சுற்றி வரும்போது அடித்தளத்தை, அதாவது முழங்கால் உயரத்தில் ஓடுகிற சின்னச் சின்னச் சிற்ப வரிசையை விட்டுவிடாதீர்கள். படிக்கட்டுக் கைப்பிடிச் சுவர், அப்புறம் யாளியின் வாய். சில கோயில்களில் யாளி வாய்க்குள் கல் உருண்டை இருக்கும், உருளும், ஆனால் வெளியே வராது.

ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். இந்தச் சின்னச் சிற்பங்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கின்றன என்பதற்காக அதில் விபூதி தடவுவது, எண்ணெய் ஊற்றுவது, சாக்பீஸால் பெயர் எழுதுவது, இதெல்லாம் வேண்டாமே. ஒரு தூணில் அழகான குரங்கு ஒன்று, அதன் முகம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மூக்கு எது வாய் எது என்று தெரியாமல் போனதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. கண்ணால் பாருங்கள், போனில் எடுங்கள், தொட வேண்டாம்.

கமெண்டில் உங்கள் ஊர்க் கோயில் மிருகங்களைப் பற்றி எழுதுங்கள். ஊர், கோயில், எந்த மண்டபம், நுழைவாசலிலிருந்து எத்தனையாவது தூண், எந்தப் பக்கம் என்று குறிப்பாக எழுதினால் தேடிப் போக வசதி. நான் இப்போது கடற்கரைக் கோயில் பக்கம் போகிறேன், அங்கே மதில் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கிற நந்திகளில் எது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.