விருந்தாளியா தங்கி எடுத்த போட்டோ

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு புக்கைப் பத்தித்தான் பேசப்போறேன். ஜேக்கப் ஹோல்ட்னு ஒரு டென்மார்க்காரர், 1977ல அங்க வந்த அவரோட முதல் புக், பேரு 'அமெரிக்கன் பிக்சர்ஸ்'.

70கள் தொடக்கத்துல கையில வெறும் 40 டாலரோட அமெரிக்கா போனவருங்க, ரோட்ல போற வண்டிய கைகாட்டி நிறுத்தி லிஃப்ட் கேட்டே அஞ்சு வருஷம் நாடு பூரா சுத்தியிருக்காரு, பாத்த வறுமைய லெட்டர்ல எழுதினா அப்பா அம்மாவுக்கு நம்பவே முடியல, அப்ப படம் எடுத்து அனுப்புன்னு ஒரு சின்ன கேமராவ அனுப்பி வச்சாங்க. அவரு போட்டோகிராஃபரே கிடையாது! கேனன் டயல்னு ஹாஃப் ஃப்ரேம் கேமரா, 36 படத்துக்கான ரோல்ல 72 எடுக்கலாம். அந்த ரோல் வாங்கவும் காசு வேணுமே, வாரத்துக்கு ரெண்டு தடவ ரத்த பிளாஸ்மா வித்திருக்காரு. கையில ஊசி குத்தி ரத்தம் எடுப்பாங்க, பிளாஸ்மாவ மட்டும் பிரிச்சுக்கிட்டு மிச்சத்த திருப்பி உடம்புல ஏத்திவிட்டு காசு குடுப்பாங்க. அந்த காசுலதான் ஃபிலிம்.

நான் சொல்ல வந்தது என்னன்னா, இவரு வாசல்ல நின்னு எடுத்துட்டுப் போகல. 400 வீட்டுக்கு மேல தங்கி, அவங்க போட்டத சாப்ட்டு, அங்கயே படுத்து எந்திரிச்சவரு. 1890ல நியூயார்க் ஏழைங்க குடியிருப்பப் பத்தி புக் போட்ட ஜேக்கப் ரீஸும் டென்மார்க்ல பொறந்தவர்தான், பெரிய வேலை செஞ்சவரு, மறுக்கல, ஆனா அவரும் கூட வந்தவங்களும் ராத்திரில இருட்டு ரூமுக்குள்ள புகுந்து படத்துக்கு வெளிச்சம் வேணும்னு ஃபிளாஷ் பவுடர கொளுத்துவாங்க, தூக்கத்துல எழுப்பப்பட்ட ஜனங்க மிரண்டு போய் பாக்குறது படத்துலயே தெரியும். ஹோல்ட் படத்துல அந்த மிரட்சி இல்லங்க. கட்டில்ல சாஞ்சபடி இருக்காங்க, குழந்தைய மடில வச்சிருக்காங்க, வந்தவன் கேமரா எடுக்குறானேன்னு யாரும் விறைச்சு உக்காரல.

தென் மாநிலங்கள்ல களிமண்ண வெட்டித் தின்ன மனுஷங்களப் பத்தி அதுல வருது. உலகத்துலயே பணக்கார நாட்டுல! அதே ஆளு பெரிய கோடீஸ்வரங்களான ராக்ஃபெல்லர் குடும்பத்து வீட்லயும் தங்கியிருக்காரு, ரெண்டையும் ஒரே புக்ல பாக்குறப்ப வயிறு எரியுது. எழுத்துல சில இடத்துல ரொம்ப பிரசங்கம் பண்றாரு, அது எனக்குப் பிடிக்கல, படமே போதும்.

புக் நல்லா போய்க்கிட்டிருந்த நேரம், அமெரிக்க அதிபர் கார்ட்டரோட மனித உரிமைப் பேச்சுக்கு எதிரா சோவியத் உளவுத்துறை இதப் பயன்படுத்தப் போகுதுன்னு தெரிஞ்சதும் பெரும்பாலான வெளிநாட்டுப் பதிப்புகள அவரே நிறுத்த வச்சாரு. காசு போச்சேன்னு பாக்கல. ஸ்லைடுகள தூக்கிக்கிட்டு அமெரிக்காவுக்கே போய், காலேஜ் காலேஜா அந்த நாட்டுப் பசங்கள உக்கார வச்சு, மணிக்கணக்கா அவங்க ஊரையே அவங்களுக்குப் போட்டுக் காட்டினாரு.