அணுவைப் பிளந்த கட்டடத்தில் எதற்கு இத்தனை டாய்லெட் ரோல்?

[காட்சி: சமையலறை மேசை. கண்ணாடிக் குவளையில் நீலத் தண்ணீர். பக்கத்தில் ஒரு டாய்லெட் ரோல்.]

வணக்கம் மக்களே. மேசையில் இருக்கும் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, "சாப்பிடுகிற இடத்தில் இதை யாருடா வைத்தது?" என்று அம்மா ஏற்கெனவே கேட்டாயிற்று. வீடியோ முடியும் வரை இரண்டும் இங்கேதான் இருக்கும்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

1938 டிசம்பர். பெர்லினில் ஒரு வேதியியல் ஆய்வு நிலையம். யுரேனிய அணுவை நியூட்ரானால் அடித்தால் அது இரண்டாகப் பிளக்கிறது என்பதற்கான ஆதாரம் முதன்முதலில் சிக்கியது அங்கேதான். அணுமின் நிலையம், அணுகுண்டு எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அந்த ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு தொலைபேசிக்குப் பக்கத்திலும், ஒவ்வொரு கதவுப்பிடிக்குப் பக்கத்திலும் ஒரு டாய்லெட் ரோல் தொங்கியது. அது இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பே நடந்திருக்காது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த நீலத் தண்ணீரைப் பற்றியும் பேசியாக வேண்டும். எனக்கு உண்மையிலேயே பிடித்த கதை அதுதான். அணு என்று தலைப்பில் போட்டால்தான் நீங்கள் உள்ளே வருகிறீர்கள், நான் என்ன செய்ய?

[காட்சி: பழைய பெர்லின் வரைபடம், வேகமாக நகர்கிறது.]

சரி, வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்துச் செயற்கைச் சாயத்தில் பெரும்பகுதி ஜெர்மனியில்தான் தயாரானது. ஆனால் அங்கே பேராசிரியர்களுக்குப் பாடம் நடத்தவும் தேர்வு வைக்கவுமே நேரம் போய்விடும். அமெரிக்காவிலோ கார்னெகி மாதிரி பணக்காரர்கள் ஆராய்ச்சிக்கென்றே பணத்தைக் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள். 1905-ல் எமில் ஃபிஷர், வால்தர் நெர்ன்ஸ்ட், வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் ஆகிய மூன்று பெருந்தலைகள், ஆராய்ச்சிக்கு மட்டும் ஒரு வேதியியல் நிலையம் வேண்டும் என்று கிளம்பினார்கள். அரசாங்கம் கையை விரித்தது. 1911 ஜனவரி 11-ஆம் தேதி கைசர் வில்ஹெல்ம் சங்கம் தொடங்கிய பிறகுதான் காரியம் நடந்தது. கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், பெயரைக் கொடுத்தார், தொழிலதிபர்கள் பணத்தைக் கொடுத்தார்கள். உறுப்பினராகச் சேர 20,000 மார்க், அப்புறம் ஆண்டுக்கு 1,000 மார்க். கோயில் திருப்பணிக்கு உபயம் எழுதுகிற மாதிரிதான், பெயர்ப்பலகைக்கு ஆசைப்படாதவர் எந்த ஊரில் இருக்கிறார்?

இடம் டாலெம். அரசருக்குச் சொந்தமான பண்ணை நிலம், நகரத்தை விட்டு வெகுதூரம். 1912 அக்டோபர் 23-ஆம் தேதி அங்கே ஒரே நாளில் இரண்டு நிலையங்கள் திறக்கப்பட்டன: நாம் பேசும் வேதியியல் நிலையம் ஒன்று, ஃபிரிட்ஸ் ஹேபர் தலைமையில் இயற்பிய வேதியியல் நிலையம் இன்னொன்று. ரயில் வந்ததோ 1913-ல். எம்ஆர்டி ரயில் வருவதற்கு முன்னாலேயே சிங்கப்பூரின் பொங்கோலில் வீடு வாங்கிக் குடிபோனவர்களுக்கு அந்த ஒரு வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

நம் ஊரிலும் 2002-ல் வேதியியலுக்கென்று ஓர் ஆய்வு நிலையம் ஜூரோங் தீவில் தொடங்கினார்கள். நம்மிடம் அரசர் வயல் ஏது? ஏழு குட்டித் தீவுகளுக்கு நடுவே கடலை மண் போட்டு மூடி ஒன்றாக்கி, அதன் மேல் கட்டினோம். அதைப் பற்றித் தனியாக ஒரு வீடியோ போடலாம், வேண்டும் என்றால் கீழே எழுதுங்கள்.

[காட்சி: இருட்டு அறை. நடுவில் மங்கிய ஒளி.]

திறப்பு விழாவில் ஒரு கூத்து. கதிரியக்கப் பிரிவு என்று ஒரு சின்னப் பிரிவு. அதன் தலைவர் ஓட்டோ ஹான், முப்பத்து மூன்று வயது, ஆண்டுச் சம்பளம் 5,000 மார்க். கதிரியக்கப் பொருள் இருட்டில் ஒளிர்வதைக் கைசருக்குக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். முன்னேற்பாடுகளைப் பார்க்க வந்த அரண்மனை அதிகாரி அதிர்ந்துபோனார். "மாமன்னரை இருட்டறைக்குள் அனுப்புவதா? முடியவே முடியாது!" பேசிப் பேசிக் கடைசியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு வைப்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் கைசர் எந்தத் தயக்கமும் இல்லாமல் உள்ளே போய் ரசித்துப் பார்த்துவிட்டு வந்தார். அவர் பார்த்தது மீசோதோரியம், அதாவது ரேடியத்தின் ஓர் உறவுக்காரப் பொருள். வெல்வெட் துணி மேல் வைத்திருந்தார்கள், எந்தத் தடுப்பும் கிடையாது. பேரரசருக்கு இருட்டு ஆபத்தாம், கதிர்வீச்சு பரவாயில்லையாம்.

அந்த அறையைத் தயார் செய்ததில் இன்னொருவர் பங்கும் உண்டு. லீசே மைட்னர், வியன்னாவிலிருந்து வந்த இயற்பியலாளர். இந்த நிலையத்துக்கு வந்தபோது அவருக்குச் சம்பளம் கிடையாது, "விருந்தினர்" என்று ஒரு பட்டம் மட்டும். இவரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.

[காட்சி: நீலத் தண்ணீர்க் குவளை நெருக்கத்தில்.]

சரி, இப்போது என் விஷயம்.

நிலையத்தின் முதல் இயக்குநர் எர்ன்ஸ்ட் பெக்மன், நல்ல மனிதர், அடுத்தவருக்குப் போவோம். கரிம வேதியியல் பிரிவுக்கு ஜூரிக்கிலிருந்து வந்தவர் ரிச்சர்ட் வில்ஷ்டேட்டர். இவர் ஏற்கெனவே 200-க்கும் மேற்பட்ட செடிகளின் இலைகளை எடுத்து, எல்லாவற்றிலும் இருப்பது ஒரே பச்சையம்தான் என்று காட்டியிருந்தார். நம் முருங்கைக்கீரையும் மலாய்க்காரர் கடையில் வாங்கும் கங்கோங்கும் ஒரே பச்சைதான் என்பதை அன்றைக்கு நிரூபிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

டாலெமில் அவர் பூக்களைப் பிடித்துக்கொண்டார். பூக்களை என்றால் பூங்கொத்து இல்லை. நிலையத்துக்குப் பக்கத்து வயலில் பாத்தி பாத்தியாகப் பூச்செடி போட்டார். பறித்து, அரைத்து, நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து, படிகமாக்கிப் பார்ப்பதுதான் வேலை. உலகத்தின் மிக நவீனமான வேதியியல் கூடத்துக்கு வெளியே பூந்தோட்டம், கற்பனை செய்து பாருங்கள்.

அவர் எடுத்த பூக்களில் ஒன்று கார்ன்ஃபிளவர். பெயரைக் கேட்டதும் சிக்கன் 65-க்குப் போடும் மாவு ஞாபகம் வந்தால் நீங்கள் என் இனம். இது பூ. கோதுமை வயலில் களையாக முளைக்கும் பளிச்சென்ற நீலப் பூ. கைசரின் தாத்தாவுக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். இதன் நீலத்தைப் பிரித்து 1913-ல் விவரம் வெளியிட்டார். அப்புறம் சிவப்பு ரோஜாவைப் பிரித்தார். இரண்டிலும் வந்தது ஒரே பொருள்! சயனின். ஒரு அணு கூட வித்தியாசம் இல்லை. நீலமும் சிவப்பும் ஒரே சாயம்.

எப்படி முடியும்? இதற்குத்தான் இந்தக் குவளை.

இது சங்குப்பூ. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் தோட்டத்தில் ஒரு பாட்டியிடம் கேட்டுப் பறித்தது. "பத்துக்கு மேல் பறிக்காதே தம்பி" என்றார், பன்னிரண்டு பறித்தேன். மலாய்க்காரர்கள் இதை புங்கா தெலாங் என்பார்கள், அவர்கள் சோறும் குவே என்ற பலகாரமும் நீலமாக வருவது இதனால்தான். உங்கள் வீட்டில் காக்கணம்பூ என்பீர்களா, சங்குபுஷ்பமா? எழுதுங்கள், எனக்கு இந்தப் பெயர்கள் சேர்க்கிற பைத்தியம் உண்டு. வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தேன். இப்போது லிமாவ் கஸ்தூரி, அந்தக் குட்டி எலுமிச்சை. பாதி போதும்.

[காட்சி: பழத்தைப் பிழிகிறார். விழுந்த இடத்தில் நீலம் ஊதாவாகிறது, கலக்கியதும் இளஞ்சிவப்பு.]

பார்த்தீர்களா! இன்னொரு குவளையில் சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் பச்சைப் பக்கம் போகும். பூ அதே பூ, சாயம் அதே சாயம். புளிப்பு ஏறினால் அந்த மூலக்கூறின் அமைப்பு கொஞ்சம் மாறுகிறது, அது விழுங்கும் ஒளியும் மாறுகிறது, நம் கண்ணுக்கு வேறு நிறமாகத் தெரிகிறது. வில்ஷ்டேட்டர் சொன்னதும் இதுதான்: ரோஜாவின் சாறு புளிப்பு, நீலப் பூவின் சாறு புளிப்புக்கு எதிர்ப்பக்கம்.

அழகான விளக்கம், ஆனால் தப்பு! நீலப் பூவின் சாறும் லேசான புளிப்புதான் என்று பின்னால் தெரிந்தது. அப்படியென்றால் நீலம் எங்கிருந்து வந்தது? அதற்கு முழு விடை கிடைத்தது 2005-ல், ஜப்பானிய ஆய்வாளர்களிடமிருந்து. ஆறு சாய மூலக்கூறும், நிறமே இல்லாத ஆறு துணை மூலக்கூறும், நடுவில் ஓர் இரும்பு, ஒரு மெக்னீசியம், இரண்டு கால்சியம் அணுக்களைச் சுற்றிக் கோலம் போட்ட மாதிரி அடுக்கியிருக்கின்றன. ஒரு களைச்செடி அடுக்கி வைத்ததைப் புரிந்துகொள்ள மனிதனுக்குத் தொண்ணூற்றிரண்டு வருஷம் ஆயிற்று.

இன்னொன்றும் சொல்லிவிட்டு நகர்கிறேன். இந்தச் சாயங்களுக்குப் பூக்களின் பெயரையே வைத்தார்கள். டெல்ஃபினியம் பூவிலிருந்து டெல்ஃபினிடின், பெலார்கோனியத்திலிருந்து பெலார்கோனிடின். நம் கத்திரிக்காய்த் தோலின் ஊதா அந்த டெல்ஃபினிடின் குடும்பம்தான். சங்குப்பூவும் அதே குடும்பம். எண்ணெய்க் கத்திரிக்காயும் இந்தக் குவளையும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்!

1914-ல் போர் வந்தது. உதவியாளர்கள் போர்முனைக்குப் போனார்கள், வில்ஷ்டேட்டர் நச்சுவாயு முகமூடிக்கு வடிகட்டி செய்யப் போனார். பக்கத்து நிலையத்தில் ஹேபர் தயாரித்தது அந்த நச்சுவாயுவையே. ஒரே தெருவில் விஷமும் முகமூடியும். 1915-க்கான நோபல் பரிசு பூக்களுக்கும் பச்சையத்துக்குமாக வில்ஷ்டேட்டருக்குக் கிடைத்தது. மறுவருஷமே அவர் மியூனிக் போய்விட்டார்.

[காட்சி: டாய்லெட் ரோல். பின்னணியில் மேள ஒலி.]

வந்துவிட்டோம்.

டாலெமுக்கு முன்னால் ஹானும் மைட்னரும் வேலை செய்தது, எமில் ஃபிஷரின் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்த ஒரு பழைய தச்சுப் பட்டறையில். ஃபிஷர் தன் ஆய்வுக்கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை, அவர்கள் கூந்தல் தீப்பிடித்துவிடும் என்று பயமாம். அவருடைய தாடி தீப்பிடிக்காது போல. அதனால் மைட்னர் மாடிக்குப் போகவே கூடாது. பெண்களுக்குக் கழிவறையும் இல்லை, தெருவில் இருந்த உணவகத்துக்குத்தான் போய்வர வேண்டும். 1908-ல், பெர்லின் இருந்த பிரஷ்ய மாநிலத்தின் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு அனுமதி கிடைத்த பிறகுதான் நிலைமை மாறியது. நியாயமாகச் சொல்ல வேண்டும், அதன்பின் ஃபிஷர் அவருக்குப் பல உதவிகள் செய்தார்.

ஆனால் அந்தப் பட்டறைக்கு ஒரு வியாதி வந்தது. கதிரியக்கப் பொருள் கையில் ஒட்டும், கையிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து கதவுக்கு. சில வருஷத்தில் அறை முழுக்க லேசான கதிரியக்கம். அப்புறம் பலவீனமான கதிர்வீச்சு எதையும் அங்கே அளக்க முடியவில்லை. தேக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றுகொண்டு யாரோ கிசுகிசுப்பதைக் கேட்க முயல்கிற மாதிரி.

டாலெமில் கிடைத்ததோ புத்தம் புது அறைகள். இதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று இருவரும் கறாராகச் சட்டம் போட்டார்கள். யாரும் யாருக்கும் கைகொடுக்கக் கூடாது. தொலைபேசியையோ கதவுப்பிடியையோ தொட வேண்டுமா? ரோலில் ஒரு தாள் கிழித்து, அதால் பிடி. அவ்வளவுதான் ரகசியம்! 2020-ல் லிஃப்ட் பொத்தானை டிஷ்யூவால் அழுத்திய நமக்கு இதைப் பார்த்துச் சிரிக்க வாயில்லை.

இந்தச் சட்டம் இருபத்தைந்து வருஷம் தாங்கியது. அதற்குள் அந்தச் சின்னப் பிரிவு வளர்ந்தது. 1917-ல் மைட்னருக்கென்று தனியாக இயற்பியல் பிரிவு. மறுவருஷம் இருவரும் சேர்ந்து புரோட்டாக்டினியம் என்ற தனிமத்தை அறிவித்தார்கள். 1928-ல் ஹான் முழு நிலையத்துக்கும் இயக்குநர். ஓர் அறை வாடகைக்கு எடுத்தவர்கள் கடைசியில் வீட்டையே எடுத்துக்கொண்ட கதை.

1938 ஜூலையில், யூதக் குடும்பத்தில் பிறந்த மைட்னர் நாட்டை விட்டுத் தப்பிப் போனார். கைப்பையில் பத்து மார்க், அவசரத்துக்கு விற்றுக்கொள்ள ஹான் கொடுத்த அவர் அம்மாவின் வைர மோதிரம். டிசம்பரில் ஹானும் ஃபிரிட்ஸ் ஷ்டிராஸ்மனும் நியூட்ரானால் அடித்த யுரேனியத்தில், அதைவிட மிக லேசான பேரியம் என்ற தனிமம் மிக மிகக் கொஞ்சமாக இருப்பதைக் கண்டார்கள். அந்தக் கிசுகிசுப்பு காதில் விழுந்ததற்குக் காரணம் அறை சுத்தமாக இருந்தது. அது என்ன என்று புரியாமல் ஹான் கடிதம் எழுதியது மைட்னருக்கு. ஸ்வீடனில் பனியில் நடந்துகொண்டே, அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷுடன் கணக்குப் போட்டு, அணு பிளந்திருக்கிறது என்று விளக்கியவர் அவர். நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், வீடியோ நீளும், விடுங்கள்.

1944-ல் குண்டுவீச்சில் கட்டடம் பாதி போயிற்று. நிலையம் ஊர் மாறி, இன்று மைன்ஸ் நகரத்தில் மாக்ஸ் பிளாங்க் என்ற பெயரில் நடக்கிறது. பழைய கட்டடத்தைச் சரிசெய்து பெர்லினின் சுதந்திரப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது, 1956-ல் ஓட்டோ ஹான் பெயரை வைத்தது. மைட்னர் பெயரும் வாசலில் சேர்ந்தது 2010-ல்.

[காட்சி: அம்மாவின் கை வந்து டாய்லெட் ரோலை எடுத்துக்கொண்டு போகிறது.]

அம்மா, இன்னும் முடியவில்லை! சரி... முடிந்தது.